சிவ் விதிகள் ஓடவில்லையா? மெயில் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகம். டெபியன் சர்வரில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டியில் சேர்த்துப் பயனருக்குக் காட்டும் டவ்காட் 2.3-ம் ஓடுகின்றன. பயனர்கள் எல்லோரும் மெய்நிகர் பயனர்கள், அதாவது லினக்ஸ் கணக்கு யாருக்கும் கிடையாது. ஸ்பேம் வடிகட்டியான ஆர்ஸ்பேம்டி ஸ்பேம் என்று முத்திரை குத்திய மெயில்கூட இன்பாக்ஸில்தான் விழுகிறது. ரவுண்ட்கியூப் என்ற வலைவழி மெயிலில் பயனர்கள் போட்டு வைத்த சிவ் விதிகள் (வரும் மெயிலைச் சர்வரிலேயே பிரித்து வைக்கும் விதிகள்) சேமிக்கப்படுகின்றன, ஆனால் ஒன்றும் நடப்பதில்லை. "சிவ் எதற்கு, புரோக்மெயில் போட்டுவிடு" என்று ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். தமிழில் தலைப்பு உள்ள மெயில்களைப் பிரிக்க முடியுமா என்பதும் தெரிய வேண்டும்.

புரோக்மெயிலை முதலில் ஒதுக்கிவிடலாம். மெயில் பிரிக்கும் நிரலான அது 1990-இல் பிறந்தது, தன் காலத்தில் பெரிய வேலை செய்தது. ஆனால் ஒரு விதிக்குள்ளிருந்து எந்த நிரலையும் இயக்கலாம் என்பதே அதன் இயல்பு. நாற்பது பேர் கையில் அதைக் கொடுப்பதும் சர்வரின் ஷெல்லைக் கொடுப்பதும் ஒன்றுதான். அதைப் பராமரித்து வந்த ஃபிலிப் குவென்தரே, இந்த நிரல் பாதுகாப்பானதல்ல, ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதினார். சிவ் மொழியின் இன்றைய வரையறையாக 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5228 என்ற இணையத் தர ஆவணத்தைத் தொகுத்த இருவரில் ஒருவரும் அவர்தான். இதற்கு மேல் சாட்சி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சிவ் என்றால் சல்லடை. முதல் வரையறை 2001 ஜனவரியில் ஆர்எஃப்சி 3028 என்று வந்தது. அடிப்படை மொழியில் சுழற்சி கிடையாது, வெளி நிரலை அழைக்கும் வசதி கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே வைக்கவில்லை. ஒரு பயனர் எவ்வளவு தப்பாக எழுதினாலும் சர்வர் முடிவில்லாமல் சுற்றக்கூடாது, அடுத்தவர் மெயிலைத் தொடக்கூடாது. இன்னொரு குணம் எனக்கு இதைவிட முக்கியம். ஸ்கிரிப்ட் ஓடும்போது தவறு நேர்ந்தால் மெயில் இன்பாக்ஸுக்குப் போகும். விதி எதுவும் பொருந்தாவிட்டாலும் இன்பாக்ஸ்தான். இதை உள்ளுறை கீப் என்பார்கள். நீங்களாக டிஸ்கார்ட் என்று எழுதினால் ஒழிய மெயில் காணாமல் போகாது. நீங்கள் எழுதும் விதிகளிலும் இந்தக் குணத்தைக் கெடுத்துவிடாதீர்கள். ஸ்பேம் என்று சந்தேகம் வந்தால் ஜங்க் ஃபோல்டருக்கு அனுப்புங்கள், டிஸ்கார்ட் வேண்டாம். ஒரு டெண்டர் கடிதம் ஜங்கில் கிடந்தால் தேடி எடுக்கலாம். டிஸ்கார்ட் ஆனதைத் தேட இடமே இல்லை.

சரி, உங்கள் சர்வருக்கு வருவோம்.

ஸ்பேம் விதி, பயனர் விதி இரண்டுமே ஓடவில்லை என்றால் ஸ்கிரிப்டில் தப்பு தேடிப் பயனில்லை. பத்தில் எட்டு முறை காரணம் ஒன்றுதான்: மெயில் டவ்காட் வழியாக வரவே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் தானே நேராக, மெயில்கள் இருக்கும் மெயில்டிர் கோப்புறையில் எழுதிவிடுகிறது. பயனர் ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் வழி) மூலம் திறந்து பார்க்கும்போது டவ்காட் அதே கோப்புறையைக் காட்டுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சிவ் ஓடுவது மெயிலை டவ்காட் பட்டுவாடா செய்யும் அந்த ஒரு கணத்தில்தான். அந்தக் கணம் வராவிட்டால் விதிகள் பெட்டிக்குள் பூட்டிய சாவி மாதிரி.

லாக்கைத் திறந்து, உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். பட்டுவாடா வரியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பெயருக்குப் பின் சாய்கோடிட்டு விர்ச்சுவல் என்றோ லோக்கல் என்றோ இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அங்கே எல்எம்டிபி (மெயிலை டவ்காட்டிடம் ஒப்படைக்கும் நெறிமுறை) என்று இருக்க வேண்டும். அதையடுத்து டவ்காட்டின் வரி ஒன்று வரும். அதில் பயனர் முகவரி, 'சிவ்' என்ற சொல், மெயிலின் அடையாள எண், கடைசியில் எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்ற தகவல் எல்லாம் இருக்கும். அந்த ஒரு வரி கண்ணில் படும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

வழியைத் திருப்புவதற்கு போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பில் விர்ச்சுவல்_டிரான்ஸ்போர்ட் என்ற அமைப்பை எல்எம்டிபி சாக்கெட்டுக்கு (இரண்டு நிரல்களும் பேசிக்கொள்ளும் கோப்பு) காட்ட வேண்டும். சாக்கெட்டை போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் கோப்புறைக்குள் இருக்கும் பிரைவேட் கோப்புறையில் டவ்காட் உருவாக்கும்படி வைப்பது வழக்கம். உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 0600. வேறெங்காவது வைத்தால் போஸ்ட்ஃபிக்ஸ் தன் கோப்புறைக்குள் அடைபட்டு ஓடும் சிறையிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இதைச் செய்தும் லாக்கில் லோக்கல் என்றே வந்தால், உங்கள் டொமைன் மைடெஸ்டினேஷன் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் டொமைனை போஸ்ட்ஃபிக்ஸ் உள்ளூர்க் கணக்காக நினைக்கும், விர்ச்சுவல்_டிரான்ஸ்போர்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு டொமைன் இரண்டு பட்டியலில் இருக்கக்கூடாது.

டவ்காட் பக்கத்தில் மூன்று பொதிகள் தேவை: எல்எம்டிபி, சிவ், மேனேஜ்சிவ். டெபியனில் இவை தனித்தனிப் பொதிகள் என்பதால் ஒன்றை மறப்பது எளிது. பிறகு 20-எல்எம்டிபி கோப்பில், எல்எம்டிபி நெறிமுறைக்கான பகுதியில், மெயில்_பிளகின்ஸ் வரியில் சிவ் என்பதைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பிளகின்களை வைத்துக்கொண்டு கூடவே சேர்ப்பது முக்கியம். மாற்றி எழுதினால் கோட்டா (பெட்டியின் அளவு வரம்பு) போன்றவை சத்தமில்லாமல் நின்றுபோகும்.

அப்புறம் ஹோம். மெய்நிகர் பயனருக்கும் ஹோம் கோப்புறை வேண்டும். ஸ்கிரிப்டுகள் அங்கேதான் இருக்கும், ஸ்கிரிப்டில் தவறு வந்தால் அதற்கான லாக்கும் அங்கேதான் எழுதப்படும். டவ்அட்ம் யூசர் என்ற கட்டளையோடு ஒரு முகவரியைக் கொடுத்தால் அவருடைய ஹோம் எது, மெயில் இருக்கும் இடம் எது என்று காட்டும். ஹோம் காலியாக இருந்தால் ஸ்கிரிப்டைத் தேட டவ்காட்டுக்கு இடமே இல்லை. ஹோமும் மெயில் இடமும் ஒன்றாகவே இருந்தால் அதுவும் நல்லதல்ல. மெயில்டிர் கோப்புறைக்குள் சிவ் கோப்புகள் கலந்துவிடும். ஹோமுக்குள் மெயில்டிர் என்று ஒரு துணைக் கோப்புறை வைத்துப் பிரித்துவிடுங்கள்.

ரவுண்ட்கியூப் விதிகளைச் சர்வருக்குக் கொண்டு வருவது மேனேஜ்சிவ் என்ற நெறிமுறை, போர்ட் 4190. பழைய கையேடுகளில் 2000 என்று இருக்கும். அது அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்ட எண் அல்ல, 2010-இல் ஆர்எஃப்சி 5804 வந்தபோது 4190 நிலையானது. ரவுண்ட்கியூப் அதே சர்வரில் ஓடுகிறது என்றால் 4190-ஐ வெளியுலகுக்குத் திறக்க வேண்டாம். ஒருவருக்கு எத்தனை ஸ்கிரிப்ட் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் செயலில் இருக்கும் என்பதையும் பயனர்களிடம் சொல்லி வையுங்கள். ரவுண்ட்கியூபில் ஒன்று, தண்டர்பேர்டின் நீட்சியில் இன்னொன்று என்று எழுதிவிட்டு, "முதலாவது ஏன் ஓடவில்லை" என்று கேட்டு வருபவர்கள் உண்டு.

இனி ஸ்பேம் விதி. இதை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை, நிர்வாகி ஒரே இடத்தில் வைக்கலாம். டவ்காட்டில் சிவ்_பிஃபோர், சிவ்_ஆஃப்டர் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. முன்னது பயனரின் ஸ்கிரிப்டுக்கு முன்பும் பின்னது அதற்குப் பின்பும் ஓடும். ஸ்பேம் விதியை எதில் வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பயனரின் விருப்பத்துக்கே முதலிடம், அதனால் ஆஃப்டரில் வை என்று சிலர் சொல்வார்கள். நான் பிஃபோரில்தான் வைப்பேன். காரணம் இருக்கிறது.

பிஃபோரில் உள்ள ஸ்கிரிப்ட் மெயிலை ஜங்குக்கு அனுப்பிவிட்டால் உள்ளுறை கீப் ரத்தாகிறது, வரிசை அங்கேயே முடிகிறது, பயனரின் ஸ்கிரிப்ட் ஓடுவதில்லை. இது மிக நல்ல விஷயம். பயனர் விடுப்பில் போய் தானியங்கிப் பதில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். ஆஃப்டரில் ஸ்பேம் விதி இருந்தால், ஸ்பேமருக்கும் "நான் திங்கட்கிழமை வருவேன்" என்று பதில் போகும். இன்னொருவர் எல்லா மெயிலையும் தன் ஜிமெயிலுக்கு ரீடைரக்ட் செய்திருக்கிறார் என்றால் இன்னும் மோசம். அவருக்கு வரும் ஸ்பேம் அத்தனையையும் உங்கள் சர்வர் தன் ஐபியிலிருந்து ஜிமெயிலுக்கு ஊற்றும். சில வாரங்களில் மொத்த அலுவலகத்தின் மெயிலும் ஜிமெயிலில் ஸ்பேமாக விழ ஆரம்பிக்கும். ஒரு சிறு நிறுவனத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆனது, போன நம்பிக்கையைத் திரும்பப் பெற இன்னும் நிறைய நாள் ஆனது. ஒருவருக்கு நம்பகமான அனுப்புநர் பட்டியல் வேண்டும் என்றால் அதை ஆர்ஸ்பேம்டியில் வையுங்கள், இடம் அதுதான்.

விதி மிகச் சின்னது. மேலே ரிக்வயர் வரியில் ஃபைல்இன்டூ, மெயில்பாக்ஸ் என்ற இரண்டு நீட்டிப்புகளைக் கேட்க வேண்டும். பிறகு, எக்ஸ்-ஸ்பேம் என்ற தலைப்பு வரியின் மதிப்பு யெஸ் என்று இருந்தால், கிரியேட் குறியோடு ஜங்குக்கு ஃபைல்இன்டூ. ஆர்ஸ்பேம்டிக்குப் பதில் ஸ்பேம்அசாசின் என்றால் எக்ஸ்-ஸ்பேம்-ஃபிளாக். கிரியேட் குறி எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் ஜங்க் ஃபோல்டர் இன்னும் உருவாகாத புதுப் பயனருக்கு ஃபைல்இன்டூ தோற்று மெயில் இன்பாக்ஸில் விழும். மெயில்பாக்ஸ் நீட்டிப்பைக் கேட்காமல் கிரியேட் எழுதினால் ஸ்கிரிப்ட் தொகுக்கப்படவே மாட்டாது. ரிக்வயர் வரியை மறப்பதுதான் கையால் எழுதுபவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. ஃபோல்டர் பெயரை ஐமேப்பில் தெரிகிறபடியே எழுதுங்கள். சில சர்வர்களில் ஜங்க், சிலவற்றில் முன்னால் இன்பாக்ஸ் என்றும் புள்ளியும் சேர்ந்து வரும். டவ்அட்ம் மெயில்பாக்ஸ் லிஸ்ட் கட்டளை உங்களுடையது எது என்று காட்டிவிடும்.

நிர்வாகியின் ஸ்கிரிப்டை மாற்றியதும் ரூட்டாக இருந்து சிவ்சி கட்டளையால் தொகுத்து வையுங்கள். தொகுத்த கோப்பு பக்கத்திலேயே உட்காரும். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு மெயில் வரும்போதும் டவ்காட் தானே தொகுத்துச் சேமிக்கப் பார்க்கும். அந்தக் கோப்புறையில் எழுத அதற்கு அனுமதி இல்லாததால் லாக் முழுக்கப் புலம்பல்.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வங்கியிலிருந்து வரும் மெயிலைத் தனி ஃபோல்டருக்கு அனுப்ப, ஃப்ரம் வரியில் வங்கியின் டொமைன் பெயர் 'உள்ளதா' என்று ஹெடர் சோதனை வைப்பார்கள் பலர். ஃப்ரம் வரியில் இரண்டு பகுதி உண்டு: காட்சிப் பெயர், அதன்பின் கோண அடைப்புக்குள் உண்மையான முகவரி. மோசடிக்காரர் காட்சிப் பெயராகவே வங்கியின் முகவரியை எழுதிவிட்டு, கோண அடைப்புக்குள் தன் முகவரியை வைப்பார். ஹெடர் சோதனை முழு வரியையும் பார்ப்பதால் பொருந்திவிடும். மோசடி மெயில் 'வங்கி' என்ற ஃபோல்டருக்குள் போய் மரியாதையாக உட்காரும், பயனரும் நம்புவார். ஹெடருக்குப் பதில் அட்ரஸ் சோதனையை வையுங்கள், டொமைன் குறியோடும் ஈஸ் ஒப்பீட்டோடும். அது அடைப்புக்குள் உள்ள முகவரியின் டொமைனை மட்டும் எடுத்து, முழுதாக ஒன்றா என்று பார்க்கும். அந்த முகவரியையே போலி செய்தால் என்ன என்று கேட்கலாம். அதைப் பிடிப்பது அனுப்புநர் டொமைனைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையின் வேலை, சிவ் வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

ரிஜெக்ட் என்று ஒரு செயல் இருக்கிறது, ஸ்பேமுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். சிவ் ஓடும் நேரத்தில் உங்கள் சர்வர் மெயிலை ஏற்றுக்கொண்டு முடித்துவிட்டது. இப்போது மறுத்தால் அந்த மறுப்பு ஒரு புது மெயிலாக, அனுப்புநர் என்று எழுதியிருக்கும் அப்பாவியின் முகவரிக்குப் போகும். மறுப்பதென்றால் எஸ்எம்டிபி உரையாடல் நடக்கும்போதே ஆர்ஸ்பேம்டி வழியாக மறுக்க வேண்டும்.

ரீடைரக்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு. சர்வர்கள் பரிமாறிக்கொள்ளும் உறையில் பழைய அனுப்புநரே இருப்பார், ஆனால் மெயில் உங்கள் ஐபியிலிருந்து போகும். பெறுபவர் சர்வரில் எஸ்பிஎஃப் (அந்த டொமைனின் மெயிலை அனுப்ப இந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) தோற்கும். டிகிம் என்ற டிஜிட்டல் கையெழுத்து கலையாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். நிறையப் பேர் முன்னனுப்புகிறார்கள் என்றால் போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி போட்டு உறையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு மெயிலுக்கு அதிகபட்சம் 4 ரீடைரக்ட் என்பது டவ்காட்டின் இயல்புநிலை, அதைக் கூட்டாதீர்கள்.

விடுப்புப் பதில் பற்றி உங்களிடம் நிச்சயம் புகார் வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெகேஷன் என்ற செயல் அதே பதிலை ஒரே ஆளுக்கு, இயல்பாக 7 நாளைக்கு ஒரு முறைதான் அனுப்பும். பயனர் தன் இன்னொரு முகவரியிலிருந்து ஒரு முறை சோதிப்பார், பதில் வரும். வாசகத்தில் எதையும் மாற்றாமல் மறுபடி சோதிப்பார், வராது, உங்களைத் தொலைபேசியில் கூப்பிடுவார். வேறு முகவரியிலிருந்து சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, மெயிலின் டூ அல்லது சிசி வரியில் பயனரின் முகவரி இருந்தால்தான் பதில் போகும். விற்பனை என்ற பொது முகவரிக்கு வந்து, போஸ்ட்ஃபிக்ஸ் மாற்றுப்பெயர் வழியாக இவரிடம் சேர்ந்த மெயிலில் இவர் பெயரே இருக்காது. அட்ரஸஸ் குறியில் அந்தப் பொது முகவரியையும் சேர்த்தால் சரியாகிவிடும். மடலாடற்குழு மெயில்களுக்கு அது பதில் சொல்லாது, சொல்லவும் கூடாது.

தமிழ்த் தலைப்புகளுக்கு வருகிறேன். முடியும், நன்றாகவே முடியும். தமிழில் எழுதிய தலைப்பு கம்பியில் போகும்போது பேஸ்64 ஆக மாற்றப்பட்டுப் புரியாத லத்தீன் எழுத்துகளாகத்தான் போகும். புரோக்மெயில் அந்தப் புரியாத எழுத்துகளைத்தான் பார்க்கும். சிவ் ஹெடர் சோதனைக்கு முன் அதைப் பிரித்து யூடிஎஃப்-8 ஆக்கிவிடுகிறது. ஆகவே ஸ்கிரிப்டை யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்து, விதியிலேயே நேரடியாகத் தமிழில் எழுதலாம். ஃபோல்டர் பெயரும் தமிழில் இருக்கலாம்.

ஆனால் ஒரு குழி இருக்கிறது, அதில் விழுந்து எழுந்தவன் நான். கொள்முதல் என்ற சொல் தலைப்பில் இருந்தால் அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்கு அனுப்பு என்று ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். பெரும்பாலான மெயில்கள் போயின, ஒரு கிளையிலிருந்து வருபவை மட்டும் இன்பாக்ஸிலேயே நின்றன. திரையில் இரண்டு தலைப்பும் அச்சு அசலாக ஒன்று. கடைசியில் இரண்டையும் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்தக் கிளையில் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள், அது இரண்டாகப் பிரித்து எழுதியது. சிவ் பைட்டுகளைத்தான் ஒப்பிடும், இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது.

இந்தச் சொல்லுக்கு வழி சுலபம். முதல் எழுத்தை விட்டுவிட்டு 'ள்முதல்' உள்ளதா என்று கேட்டேன், இரண்டு வகையும் பொருந்தின. 'தொகை' போன்ற சொல்லுக்கு இந்த வேலை ஆகாது, 'கை' என்று கேட்டால் பாதி அலுவலகமே பொருந்திவிடும். அங்கே இரண்டு வடிவத்தையும் பட்டியலாகக் கொடுங்கள். உரைத் திருத்தி நிரல் ஏதாவது இரண்டையும் ஒன்றாக்கிவிடுமோ என்ற பயம் இருந்தால், என்கோடட்-கேரக்டர் நீட்டிப்பைக் கேட்டு, எழுத்துக்குப் பதில் அதன் யூனிகோட் எண்ணையே எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

எந்த விதியையும் நேராக ஓடவிடாதீர்கள். ஒரு மெயிலைக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, சிவ்-டெஸ்ட் கட்டளைக்கு ஸ்கிரிப்டையும் அதையும் கொடுங்கள். மெயிலைத் தொடாமல், என்ன செய்திருப்பேன் என்று மட்டும் சொல்லும். சுவடு காட்டும் தெரிவைச் சேர்த்து, மேட்சிங் அளவில் வைத்தால், ஒவ்வொரு சோதனையிலும் எந்த மதிப்பை எதோடு ஒப்பிட்டது என்பதையும் காட்டும்.

டவ்காட் 2.4-க்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்று. 2025 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்பில் அமைப்புக் கோப்பின் இலக்கணமே மாறிவிட்டது. சிவ்_பிஃபோர் போன்றவை போய், சிவ்_ஸ்கிரிப்ட் என்ற பெயரிட்ட தொகுதிகள் வந்துள்ளன, பிஃபோரா ஆஃப்டரா என்பது அதற்குள் வகையாகக் குறிக்கப்படும். பழைய கோப்பை அப்படியே வைத்தால் சர்வர் எழுந்திருக்காது. பயனர்களின் ஸ்கிரிப்டுகளில் இதற்காகப் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை, மொழி அதே மொழிதான்.

ஏற்கெனவே இன்பாக்ஸில் குவிந்திருக்கும் ஸ்பேமைப் புது விதி தொடாது. அதற்கு சிவ்-ஃபில்டர் என்ற கருவி இருக்கிறது, பழைய மெயில்கள் மேல் ஸ்கிரிப்டை ஓட்டும். இயல்பாக அது ஒத்திகை மட்டுமே பார்க்கும், உண்மையில் செய்யத் தனித் தெரிவு கொடுக்க வேண்டும். முதலில் உங்கள் சொந்தப் பெட்டியில் ஒத்திகை பாருங்கள். காப்பு எடுத்துவிட்டு, ஸ்பேம் விதி மட்டும் உள்ள ஸ்கிரிப்டைக் கொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர் என்று ஓட்டுங்கள். ரீடைரக்டோ வெகேஷனோ உள்ள ஸ்கிரிப்டை அந்தக் கருவிக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.